ஐந்தடி வட்டம்

குளியலறை வாசலின் அகலம் இருபத்து நான்கு அங்குலம். ராமரின் சக்கர நாற்காலி இருபத்தைந்தரை அங்குலம். அந்த ஒன்றரை அங்குலத்துக்குப் பயந்து அவர் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். அவர் மனைவி பேச்சிச்செல்விக்கு இது தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

ராமர் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தவர். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க, இரும்புக் கம்பிகளால் அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுகிற வேலை. பதினெட்டு வருடம் அதில்தான் இருந்தார். ஓர் ஆடி மாதம், காற்று பேயாட்டம் ஆடிய மத்தியானத்தில், மூன்றாவது அடுக்கிலிருந்து கால் தவறிக் கீழே விழுந்தார். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தங்கியது, கால்கள் இரண்டும் அசைவில்லாமல் போயின. சிறுநீர் வருவதும் மலம் வருவதும் மட்டும் தெரியும். "அது தெரியுதே, அதுவே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். அதுவும் தெரியாமலே போயிருக்கலாம் என்று ராமருக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

வீடு, வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குப் பிறகு டாக்டரிடம் போவதற்காக இரண்டு முறை இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் வீடு மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். ஏதாவது காலியானால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு ஹால். ஏழுக்கு ஆறில் சமையலறை. ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கக்கூஸ். மூன்றடி அகலத்தில் ஒரு பால்கனி. படுக்கையறை என்று தனியாக எதுவும் இல்லை. ஹாலில் இரட்டைக் கட்டில், பேச்சிச்செல்வி கல்யாணத்தில் கொண்டுவந்த இரும்பு பீரோ, டிவி ஸ்டாண்ட், மகளின் படிப்பு மேசை, தண்ணீர் டிரம். இவற்றுக்கு நடுவே சக்கர நாற்காலி. கட்டிலிலிருந்து அதில் ஏறி உட்கார்ந்தால் முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி போகலாம். திரும்ப முடியாது.

பேச்சிச்செல்வி உப்பு அரைத்துப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலைக்குப் போனாள். காலை எட்டு மணிக்குப் போனால் வர ஐந்தரை ஆகும். மகள் அருணாசலவடிவு பிளஸ் ஒன் படித்தாள். வீட்டில் எல்லோருக்கும் வடிவு. அப்பாவுக்குக் கட்டிலிலேயே மலஜலத்துக்குப் பாத்திரம் வைக்க வேண்டிய நேரங்களில் அவள் யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். கதவு மறுபடி திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

பங்குனியில் ராமருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. எதிர்வீட்டு எமில்டாவின் மருமகனும் மூன்று பேரும் தூக்கி இறக்கினார்கள். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிய?" என்று கேட்டார். ராமர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் பேச்சிச்செல்வியைப் பார்த்தார்.

"காலையில ஒரு செம்பு வச்சிட்டுத்தான் போவேன் சார். சாயங்காலம் காலியாத்தான் இருக்கும்."

"சன்னல் வழியா ஊத்திருவேன்" என்றார் ராமர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் பேச்சிச்செல்வி சண்டை போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள். "செத்துப் போயிருவியளே! தண்ணி குடிக்காம ஒரு மனுசன் செத்தான்னு சொன்னா ஊரு சிரிக்காதா?"

"குடிச்சா வரும். வந்தா யாரு இருக்கா? எமில்டாவக் கூப்பிடச் சொல்லுதியா?" ராமர் கட்டிலில் படுத்தபடி குளியலறை வாசலைக் காட்டினார். "அங்கன கெடக்கு கக்கூஸ். ஒம்பது அடி. என்னால போக முடியல. அந்த டேப்ப எடு ஏளா."

தையல் பெட்டியிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

முதலில் வீட்டை அளந்தார். கை எட்டாத இடங்களைப் பேச்சிச்செல்வியும் வடிவும் அளந்து சொன்னார்கள். வடிவின் கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள்களைக் கிழித்து ஒன்றாக ஒட்டி, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வீட்டை வரைந்தார். சோப்பு அட்டையை வெட்டி அதே கணக்கில் கட்டில், பீரோ, டிரம், மேசை, சிலிண்டர் எல்லாம் செய்தார். பகல் முழுக்க அந்தத் தாளை ஒரு பலகையில் வைத்து அட்டைத் துண்டுகளை நகர்த்திக்கொண்டே இருப்பார். எந்தப் பெட்டியின் மேல் எந்தப் பெட்டி, எதை முதலில் ஏற்றினால் எது நிற்கும் என்று பதினெட்டு வருடம் பார்த்த கண் அது. சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஐந்தடி வட்டம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஐந்து அங்குலத்தில் ஒரு வட்டம் வெட்டினார். அந்த வட்டம் வீட்டில் எங்கேயும் உட்காரவில்லை.

"கட்டில் போவணும். பீரோ போவணும்" என்றார் ஒரு சாயங்காலம்.

"பீரோ எங்கன போவும்?"

"கக்கூஸ் கதவு உள்ள தெறக்குது. நெலையப் பேத்து எடுத்தா ரெண்டு பக்கமும் சேத்து அஞ்சு இஞ்சு கெடைக்கும். நாற்காலி போயிரும். ஆனா கதவு இனிமே இழுக்குற கதவாத்தான் இருக்கணும். அது நகந்து நிக்கதுக்கு வெளிய செவரு வேணும். அந்தச் செவத்துலதான் பீரோ நிக்கி."

பேச்சிச்செல்வி எழுந்து பீரோவின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு ஏரலில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். இரண்டு நாள் கழித்து அவர் லோடு ஆட்டோவில் வந்து பீரோவை ஏற்றிக்கொண்டு போனார்.

தச்சு வேலைக்குச் சுடலைக்கண்ணன் வந்தான். முன்பு துறைமுகத்தில் பெட்டிக்கு அடியில் வைக்கும் கட்டைகள் அறுத்தவன். ராமரை அப்போதிருந்தே தெரியும். நிலையைப் பெயர்த்தான். மேலே இரும்புத் தண்டவாளம் அடித்து அதில் கதவைத் தொங்கவிட்டான். குளியலறைத் தரை இரண்டு அங்குலம் பள்ளம். அங்கே சிமெண்டில் சரிவு பூசினான். கக்கூஸ் பக்கத்துச் சுவரில் ஒரு குழாயைக் குறுக்காகப் பதித்து, அதில் தானே தொங்கிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்னையவே தாங்குது. ஒங்களத் தாங்காதா?"

சிமெண்டு காய ஒரு வாரம் விட்டார்கள். எட்டாவது நாள் காலை ராமர் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கையை நீட்டிக் கதவை இழுத்தார். அது ஓசையில்லாமல் வந்து மூடிக்கொண்டது. கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

பேச்சிச்செல்வி கம்பெனிக்கு நேரமாகியும் போகவில்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. குழாயில் கை வழுக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு. பிறகு தண்ணீர் விழும் சத்தம், அது நிற்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ராமர் தலை ஈரத்தோடு வெளியே வந்தார். நெற்றியில் ஓரிடத்தில் இடித்து வீங்கியிருந்தது.

"என்னது இது?"

"ஒண்ணுமில்ல. ஒரு செம்பு தண்ணி கொடு."

செம்பை வாங்கி மடமடவென்று முழுவதையும் குடித்தார். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உள்ளே ஒரு கதவு திறந்ததும் ராமருக்கு மற்ற இடங்களும் வேண்டியிருந்தன. இரட்டைக் கட்டில் போய் இரண்டரை அடி அகலத்தில் ஒற்றைக் கட்டில் வந்தது, அடியில் இழுப்பறைகள். தாயும் மகளும் தரையில், அந்த ஐந்தடி வட்டத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். பீரோவில் இருந்த துணியெல்லாம் ஏழடி உயரத்தில் ஹாலைச் சுற்றி அடித்த பலகைகளுக்குப் போயின. ஒரு ஜாக்கெட் எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். படிப்பு மேசையின் கால்களை அறுத்துச் சுவரில் மடக்குகிற மாதிரி வைத்தான் சுடலைக்கண்ணன். ராமர் அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பும்போதெல்லாம் வடிவு எழுந்து, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, பலகையை மடக்கி, சுவரோடு ஒட்டி நிற்பாள். அவர் போனதும் மறுபடி விரிப்பாள்.

ஆனியில் சமையலறைக்குள் புகுந்தார். அடுப்பு மேடையின் கடப்பைக்கல்லைப் பெயர்த்து, நாற்காலியில் இருந்தபடியே சமைக்கத் தோதாக இருபத்தெட்டு அங்குலத்துக்கு இறக்கினார்கள்.

"நீ வேலையிலருந்து வரும்போது சோறும் ரசமும் ரெடியா இருக்கும் பாரு" என்றார். இருக்கவும் செய்தது. எமில்டா வந்து ருசி பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஆம்பளையும் விழுந்தாத்தான் சமைப்பாக போல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராமர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பேச்சிச்செல்வி பார்த்தாள்.

அடுத்தது பால்கனி. அதுதான் அவருடைய உண்மையான குறி. பால்கனிக்குப் போகும் வாசலில் நாலு அங்குலம் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருந்தது. அதை உடைத்துச் சரிவு வைத்தால் நாற்காலி வெளியே போகும். அங்கேயிருந்து பார்த்தால் உப்பளங்களும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், அவற்றுக்கு அப்பால் துறைமுகக் கிரேன்களும் தெரியும். எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று கிரேன் நிற்கிற இடத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சிச்செல்வி சமையலை முடித்துவிட்டு ஹாலில் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். ராமர் நாற்காலியில் இருந்தபடி டேப்பை நீட்டினார்.

"ஏளா, அந்தத் தடுப்பு எத்தன இஞ்சுன்னு ஒருதரம் சரியாப் பாத்துச் சொல்லு."

அவள் எழவில்லை.

"ஏளா."

"நான் எத்தன அடி இருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

"என்னது?"

"நான். என் உசரம். எத்தன அடி?"

ராமர் யோசித்தார். சிலிண்டரின் உயரம் அவருக்குத் தெரியும். தண்ணீர் டிரம்மின் சுற்றளவு தெரியும். வாசல் நிலை மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதுகூடத் தெரியும்.

"அஞ்சடி மூணு இஞ்சு" என்றாள் அவள், கூரையைப் பார்த்துக்கொண்டே. "கம்பெனியில ஒம்பது மணி நேரம் நிக்கேன். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அந்தக் குட்ட மேடையில குனிஞ்சு நின்னு மூணு பேருக்குச் சமைக்கேன். ராத்திரி ரசம் நீங்க வைக்கிய, சரிதான். காலையில யாரு குனியுதா? நிமிந்தா முதுகு ரெண்டாப் பொளக்குது."

"சொல்லிருக்கலாம்லா."

"எங்கன நின்னு சொல்ல? நிக்க எடம் இருக்கா? என் பீரோ போச்சு, கட்டில் போச்சு. துணி மாத்தணும்னாக் கக்கூஸுக்குள்ள போறேன். உங்க வட்டத்துக்குள்ளதான் நானும் எம்புள்ளயும் படுத்து எந்திரிக்கோம். அவ எங்கன உக்காந்து படிக்கான்னு பாத்தியளா?"

"எமில்டா வீட்டுல."

"அங்க அஞ்சு பேரு. மாடிப்படியில உக்காந்து படிக்கா. நீங்க இப்பத்தான் கதவச் சாத்திக்கிட்டுப் போறியளே, பெறவும் ஏன் அங்கன போறான்னு ஒருநாளாச்சும் கேட்டியளா?"

வடிவு அப்போதும் வெளியேதான் இருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். படியிலிருந்து ஒரு தாள் புரளும் சத்தம்கூட வரவில்லை.

ராமர் டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு மூலை கிடையாது. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, இரண்டு நாள் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, ராமர் பழைய தாளை எடுத்தார். அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். பதினான்கு துண்டுகள் இருந்தன. கட்டில், அடுப்பு, டிவி ஸ்டாண்ட், தன் நாற்காலி, தன் வட்டம். டிரம்முக்குக்கூட ஒன்று இருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் துண்டு இல்லை. அவர் வெட்டவே இல்லை. சின்னச் சாமான்கள் என்று விட்டுவிட்டவற்றில் அவர்களும் சேர்ந்துபோயிருந்தார்கள். ராமர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கத்தரிக்கோலைத் தேடினார்.

சாயங்காலம் பேச்சிச்செல்வி வந்ததும், "இங்கன வா. செவத்தோட ஒட்டி நில்லு" என்றார்.

"கை கால் கழுவணும்."

"ஒரு நிமிசம். செருப்பக் கழத்திட்டு நில்லு. கைய மடக்கு."

அவள் விறைப்பாக நின்றாள். உடம்பெல்லாம் உப்பு வாடை. ராமர் நாற்காலியில் இருந்து எக்கி, அவள் முழங்கை உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அங்கிருந்து நாலு அங்குலம் கீழே இறக்கி இன்னொரு கோடு.

"முப்பத்தஞ்சு. மேடைய இந்த உசரத்துக்கே ஏத்தச் சொல்லுதேன். எனக்கு அடியில ஒரு இழுக்குற பலக போதும். நான் சமைக்கும்போது அடுப்ப அதுல எறக்கி வச்சிக்கிடுதேன். அண்ணன்ட்டச் சொல்லி பீரோவையும் கொண்டாரச் சொல்லு. குறுக்க நிறுத்துனா அதுக்குப் பின்னால ரெண்டரை அடி வருது. நீ நின்னு துணி மாத்தலாம்."

"ஹால்ல எடம் பத்துமா?"

"டிவி ஸ்டாண்டு போவட்டும். வட்டத்த வாசல் பக்கம் தள்ளிருக்கேன். திரும்பும்போது கொஞ்சம் இடிக்கும். இடிச்சா இடிக்கட்டும்."

வடிவு அன்று படியிலிருந்து உள்ளே வந்து கதவோரம் நின்றாள். ராமர் தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பால்கனியில் ஒரு சின்ன அட்டைத் துண்டு இருந்தது. அதன்மேல் 'வ' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு பக்கமும் தகடு அடிச்சு, மேல கண்ணாடிச் சன்னல் வச்சிருவோம். நீளமா ஒரு பலக. படிக்க அது போதும். கதவச் சாத்திக்கோ."

"அது உங்களுக்குன்னுல்லா வச்சிருந்திய" என்றாள் வடிவு.

"பிளஸ் டூ படிக்கது நானா, நீயா?"

"நீங்க எங்கன இருந்து வெளிய பாப்பிய?"

"நீ பள்ளிக்கூடம் போனப்பெறவு பாக்கேன். போகும்போது பலகைய மடக்கி வச்சிட்டுப் போ. தடுப்ப ஒடச்சிருவோம். சாயங்காலம் நீ வந்துட்டா நான் உள்ள வந்திருதேன்."

வடிவு அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "என்னய ரொம்பக் குட்டையா வெட்டிருக்கியப்பா" என்றாள். பேச்சிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கழுவப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் எல்லா வேலையும் முடிந்தது. பீரோ ஏரலிலிருந்து திரும்பி வந்தது, ஒரு பக்கம் நசுங்கிப்போய். ராமர் காலை எட்டரை முதல் நாலரை வரை பால்கனியில் இருந்தார். மாசியில் வடிவுக்குப் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டபோது ஒரு மாதம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஹாலில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் பேச்சிச்செல்வியின் முழங்கைக் கோடு தெரிந்தது. அந்த ஒரு மாதமும் தினம் முந்நூறு தடவை நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டினார். கேட்டால் கைக்குப் பயிற்சி என்பார்.

இதற்குள் குடியிருப்பில் விஷயம் பரவியிருந்தது. முதலில் வந்தது எமில்டா. மகளும் மருமகனும் அவளோடுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஹாலில் ஒரு மறைவு வேண்டும். ராமர் அந்த வீட்டைப் பார்க்காமலே வரைந்து கொடுத்தார். எல்லா வீடும் ஒரே அச்சு. உள்ளே இருக்கிற ஆட்கள்தான் வேறு. "சாமான் பட்டியல் வேண்டாம். யாரு யாரு இருக்காக, எத்தன மணிக்கு எந்திரிப்பாக, அதச் சொல்லு" என்றுதான் எல்லோரிடமும் கேட்பார். பிறகு அடுத்த பிளாக்கிலிருந்தும் ஆள் வந்தார்கள். அவரால் படி இறங்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பேச்சிச்செல்வி போவாள். அளந்து எழுதிக்கொண்டு வருவாள். வேலையைச் சுடலைக்கண்ணன் செய்வான். கீழ்த்தளத்தில் வீடு மட்டும் இன்னும் காலியாகவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சி பிளாக்கில் ஒரு வீட்டை அளக்கப் போனாள். புதிதாக ஒதுக்கப்பட்ட வீடு. குடிவர இருப்பவர்கள் சாவியை மட்டும் கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனாள். உள்ளே ஒன்றுமே இல்லை. தரையில் சுண்ணாம்புத் துளிகள், ஒரு மூலையில் பெயிண்ட் டப்பா. அவளுடைய வீட்டின் அதே ஹால், அதே பன்னிரண்டுக்குப் பத்து. இதற்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று ஒரு கணம் திகைத்து நின்றாள்.

ஹால், சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாவற்றையும் இருபது நிமிடத்தில் அளந்து முடித்தாள். நோட்டை மூடினாள். கிளம்பாமல் வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தரையில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. ராமர்தான்.

"முடிஞ்சிட்டா?"

"இல்ல" என்றாள். "சமையக்கட்டு இன்னும் இருக்கு."

காலி வீட்டில் அவள் குரல் எதிரொலித்தது அவருக்கும் கேட்டிருக்கும். டேப் இழுக்கிற சத்தம் எதுவும் வராததும் தெரிந்திருக்கும்.

"சரி" என்றார். "வாசல் நெலைய மேலயும் கீழயும் தனித்தனியா அளந்துக்கோ. அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா வா. சோறு நான் வச்சிருதேன்."

போனைத் தரையில் வைத்தாள். காலை நீட்டி, சில்லென்றிருந்த சிமெண்டுத் தரையில் மெல்ல மல்லாந்து படுத்தாள். கூரையில் விசிறி மாட்டும் கொக்கி மட்டும் தொங்கியது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரித்தாள். எதிலும் படவில்லை.